அழைப்பும் அணியும்: தமிழர் திருமணத்தில் கைவேலையும் நண்பர் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

திருமண அழைப்பிதழையும் மணவீட்டு அணிகளையும் மணமக்களின் நண்பர்களே கையால் செய்து தரும் வழக்கம் அண்மைக் காலத்தில் நகரங்களில் பரவி வருகிறது. இதனைப் புதுமை என்றும், பழமைக்குத் திரும்புதல் என்றும் இருவேறாகக் கூறுவர். தமிழர் திருமணத்தில் அழைப்பையும் அணியையும் யாருடைய கைகள் செய்தன, எந்த உரிமையின் அல்லது கடமையின் பேரில் செய்தன என்னும் வினாவை முன்வைத்து, இவ்விரு கூற்றுகளும் முழுமையானவை அல்ல என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: அழைப்பிதழ், தோரணம், குடிமைத்தொழில், வாழ்த்து மடல், சுயமரியாதைத் திருமணம், சிவகாசி.

முன்னுரை

திருமணச் சடங்குகளைப் பற்றித் தமிழில் ஆய்வுகள் பல வந்துள்ளன. தாலியின் தொன்மை, பரிசம், சீர்வரிசை, மணமுறை வகைகள் ஆகியன விரிவாகப் பேசப்பட்டிருக்கின்றன. ஆனால் திருமணத்தின் புறப்பொருள்களான அழைப்பிதழ், பந்தல், தோரணம், கோலம் ஆகியவை பெரும்பாலும் சடங்கின் பின்னணியாகவே விவரிக்கப்பட்டு வந்துள்ளன. இதற்கு ஒரு காரணம் சான்றுகளின் தன்மை. தோரணம் ஓரிரு நாளில் வாடுகிறது. கோலம் அன்றே அழிகிறது. அழைப்பிதழ் திருமணம் முடிந்ததும் குப்பைக்குச் செல்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதன் அடிப்படையில் சென்னையில் ஆய்வு நூலகமும் உருவாயிற்று. துண்டுக் காகிதம் என்று பிறர் ஒதுக்கியவற்றை அவர் பாதுகாத்திராவிடில் இப்பொருள் குறித்து எழுதுவதே அரிதாகியிருக்கும்.

கையால் செய்தது என்னும் சொற்றொடர் இன்று ஒரு பாராட்டு. இயந்திரம் மலிந்த பின்னரே அது பாராட்டாயிற்று. இயந்திரம் இல்லாத காலத்தில் எல்லாமே கைவேலைதான். அன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி, யாருடைய கை என்பதே.

இலக்கியம் காட்டும் மணவீடு

அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் சங்ககாலத் திருமணத்தின் முதன்மைச் சான்றுகள். நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் வரிசையாகக் கால்கள் நட்ட குளிர்ந்த பெரிய பந்தல், கொணர்ந்து பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை ஆகியவை இடம்பெறுகின்றன. விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடலிலும் மணல் பரப்பிய பந்தல் உண்டு. இரண்டிலும் திங்கள் உரோகிணியோடு கூடிய நன்னாளில் மணம் நிகழ்கிறது.

இங்கு மொழியமைப்பைக் கவனித்தல் வேண்டும். 86ஆம் பாடலில் மணமகளை நீராட்டும் மகளிர் நால்வர் என்றும், அவர்கள் புதல்வரைப் பெற்றவர்கள் என்றும் சொல்லப்படுகிறது. குடத்தைத் தலையில் சுமந்து வரும் முதுபெண்டிரும் தெளிவாகவே காட்டப்படுகின்றனர். ஆனால் மணல் பரப்பியதும், விளக்கு ஏற்றியதும், மாலை தொடுத்துத் தொங்கவிட்டதும் எழுவாய் சுட்டப்படாத வினையெச்சங்களாகவே நிற்கின்றன. சடங்கைச் செய்தவருக்கு உருவம் உண்டு; அணி செய்தவருக்கு இல்லை. இது கவிதைச் சுருக்கத்தின் விளைவும் ஆகலாம். எனினும் பிற்கால நூல்களிலும் இதே நிலை தொடர்கிறது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் மாலை தாழ்ந்த தூண்களையும் நீல விதானத்தையும் முத்துப் பந்தலையும் வருணிக்கிறது. ஆண்டாளின் கனவுத் திருமணத்தில் ஊர்ப்புறமெங்கும் தோரணம் நாட்டப்படுகிறது. பந்தலில் கமுகம்பாளை அணி செய்கிறது. செய்தவர் யார் என்பது எங்கும் இல்லை.

அழைப்பைப் பொறுத்தவரை சிலப்பதிகாரம் அரிய செய்தி ஒன்றைத் தருகிறது. கோவலன், கண்ணகி ஆகியோரின் பெற்றோர் மணநாளை முடிவு செய்ததும், அணிகலன் பூண்ட மகளிரை யானையின் மேல் அமர்த்திப் புகார் நகர் முழுவதற்கும் மணச்செய்தியை அறிவிக்கின்றனர். வணிகச் செல்வத்தின் உச்சியில் இருந்த இரு குடும்பங்களின் அழைப்பு அது. அழைப்பின் ஆடம்பரம் நம் காலத்து நோய் என்று கூறுவோர் இக்காட்சியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

வாய்மொழியும் வெற்றிலையும்

அச்சுக்கு முற்பட்ட ஊர்ப்புறங்களில் அழைப்பு என்பது எழுத்தன்று, செயல். வீடுவீடாகச் சென்று வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் அழைத்தலே முறை. வெற்றிலையைக் கையில் எடுத்தவர் அழைப்பை ஏற்றவர் ஆவார். யார் நேரில் அழைக்கச் செல்வது, யாருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்புவது, வாசலில் நின்று சொல்வதா, உள்ளே சென்று அமர்ந்து சொல்வதா என்பவை அனைத்தும் உறவையும் சாதிப் படிநிலையையும் வெளிப்படையாக உணர்த்தின. இன்றும் மூத்தோர் பலர், அஞ்சலில் வந்த பத்திரிகையை அழைப்பாகக் கருதுவதில்லை. நேரில் வந்து, தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு. பழைய செயல் அச்சுத்தாளுக்கு அடியில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

எழுத்து முதலில் நுழைந்தது அழைப்பில் அன்று, ஒப்பந்தத்தில். நகரத்தார் திருமணங்களில் இசைகுடிமானம் எழுதுதல் என்னும் வழக்கம் உண்டு. இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டதைக் காட்டும் ஆவணம் அது. லக்கினப் பத்திரிகை எழுதி வாசித்தலும் இவ்வகையே. பத்திரிகை என்ற சொல்லே இவ்வழியில்தான் அழைப்பிதழுக்கும் ஏற்பட்டிருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. இன்றைய அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவதும், அச்சடித்த கட்டின் முதல் பிரதியைக் குலதெய்வத்தின் முன் வைப்பதும், அத்தாள் வெறும் செய்தி அன்று, மங்கலப் பொருள் என்னும் எண்ணத்தைக் காட்டுகின்றன.

அச்சும் சொல்லும்

1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டத்தால் அச்சகம் நடத்துவதற்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. இந்தியர் நடத்தும் அச்சகங்கள் அதன்பின் பெருகின. நூல் அச்சடிப்பு ஆண்டு முழுவதும் வருவாய் தருவதில்லை. துண்டறிக்கை, ரசீதுப் புத்தகம், திருமணப் பத்திரிகை போன்ற சில்லறை வேலைகளே சிற்றூர் அச்சகங்களைத் தாங்கின. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவை ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, காலால் மிதிக்கும் டிரெடில் பொறியில் அடிக்கப்பட்டன. பிள்ளையார், குத்துவிளக்கு, பூரணகும்பம் ஆகியவற்றின் பிளாக்குகள் ஒவ்வோர் அச்சகத்திலும் ஆயத்தமாக இருக்கும். அச்சுக் கோப்பவரின் கைத்திறன் இவ்வழைப்பிதழ்களில் தெளிவாகத் தெரிகிறது. ஒரே சொற்கள், ஒரே பிளாக், ஆனால் இரு அச்சகங்களின் பக்க அமைப்பு ஒன்றுபோல் இராது.

சிவகாசி இத்தொழிலை மாற்றியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு தேவைப்பட்டது. சீட்டுக்காக வந்த அச்சுத்தொழில் நாட்காட்டிக்கும் திருமண அட்டைக்கும் விரிந்தது. வண்ணப்படமும் பொன்னிற எழுத்தும் கொண்ட வெற்று அட்டைகள் சிவகாசியிலிருந்து ஊரெங்கும் சென்றன. உள்ளூர் அச்சகம் மாதிரி ஆல்பத்தைக் காட்டும். வீட்டார் ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். பெயர், நாள், இடம் மட்டும் உள்ளூரில் அச்சாகும். அழைப்பிதழ் ஆக்கும் பொருளாக இருந்த நிலை மாறித் தெரிவு செய்யும் பொருளானது இக்கட்டத்தில்தான்.

ஆயினும் அழைப்பிதழ் வரலாற்றின் பெரிய மாற்றம் அச்சுப்பொறியால் வந்ததன்று; சொல்லால் வந்தது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1920களின் நடுவில் எழுந்த சுயமரியாதை இயக்கமும் இவ்வொற்றைத் தாளை ஒரு களமாக்கின. விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழ் ஆயிற்று. சிரஞ்சீவியும் சௌபாக்கியவதியும் திருவளர்செல்வன், திருவளர்செல்வி ஆயினர். பிள்ளையார் இருந்த இடத்தில் சிலர் திருவள்ளுவரை வைத்தனர். பிரபவ முதலிய அறுபதாண்டுச் சுழற்சிக்கு மாற்றாகக் கிறித்து ஆண்டுடன் 31ஐக் கூட்டும் திருவள்ளுவர் ஆண்டு வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. பெயருக்குப் பின் பட்டம் இல்லாத அழைப்பிதழ் அன்று ஒரு துணிவு. உறவினர் கையில் கொடுக்கப்படும் தாளில் அதை விடுவது, மேடையில் விடுவதைக் காட்டிலும் கடினம்.

1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்தது முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிக்கப்படுகிறது. புரோகிதர் இல்லாத இம்மணங்களில் தலைமை தாங்குபவர், வரவேற்பவர், வாழ்த்துரை வழங்குபவர் என்னும் வரிசை அழைப்பிதழில் இடம்பெற்றது; திருமண அழைப்பு பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலின் வடிவத்தை ஏற்றது. 1967ஆம் ஆண்டின் இந்து திருமண (தமிழ்நாடு திருத்த)ச் சட்டம் 7அ பிரிவைச் சேர்த்து, உறவினர் நண்பர் முன்னிலையில் நடக்கும் இம்மணங்களுக்கு, முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்து, சட்ட ஏற்பு அளித்தது. நண்பர் என்னும் சொல் இங்கு முகமனாக நிற்கவில்லை. மணம் செல்லுபடியாவதற்கான நிபந்தனையில் ஒரு பகுதியாகிறது. அழைப்பிதழ்களின் இறுதியில் தேய்ந்துபோன தொடராக வரும் 'சுற்றமும் நட்பும்' என்பதில், நட்புக்கு முதன்முறையாகப் பொறுப்பு வந்தது.

அணி செய்த கைகள்

அணிகளின் வரலாறு இவ்வளவு ஒளியுடையது அன்று. குடிமைத்தொழில் முறை நிலவிய ஊர்களில் மணவீட்டின் ஒவ்வோர் அணிக்கும் ஒரு சாதி கடமைப்பட்டிருந்தது. பந்தலின் உட்புறம் வெள்ளை கட்டுவதும், மணமக்கள் நடக்க நடைபாவாடை விரிப்பதும் வண்ணார் கடமை. சுண்ணமும் வண்ணமும் தீட்டிய அடுக்குப்பானைகள் குயவர் வீட்டிலிருந்து வந்தன. கொங்கு நாட்டில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர் சமூகத்துக் குடிமகன். யாழ்ப்பாணத்திலும் குடிமை முறை ஏறத்தாழ இதே அமைப்பில் இருந்தது. இவ்வேலைகளுக்குக் கூலி என்று தனியே பேசப்படவில்லை. அறுவடைக் களத்தில் அளக்கப்படும் நெல்லும், திருமணத்தன்று தரப்படும் துணியும் உணவும் ஊதியமாயின. மறுக்கும் உரிமை இல்லாத வேலைக்கு முறைமை என்று பெயர்.

இதனை விரித்துரைக்கக் காரணம் உண்டு. மணவீட்டின் வெள்ளை விதானம் அழகிய பொருள். அதைத் தூய்மை செய்து, கட்டி, அவிழ்த்துச் சென்றவர் அவ்விதானத்தின் கீழ் அமர்ந்து உண்ண இயலவில்லை. மரபு வழிப்பட்ட கைவேலையைப் போற்றும் கட்டுரைகளில் இச்செய்தி பெரும்பாலும் விடுபடுகிறது.

தென்னங்குருத்தோலைத் தோரணம் தனியே கருதத்தக்கது. விரியாத இளங்குருத்தை வெட்டி, ஈர்க்கிலிருந்து ஓலையைப் பிரித்து, நகத்தாலோ சிறு கத்தியாலோ கீறி, மடித்துக் குருவி, கிளி, மாங்காய் முதலிய உருவங்கள் செய்யப்படுகின்றன. மங்கலத் தோரணமும் இழவு வீட்டுத் தோரணமும் மடிப்பில் வேறுபடும்; அறியாதவர் கட்டினால் பெரியோர் உடனே கண்டு அவிழ்க்கச் சொல்வர். ஓலை நெகிழ்வாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். ஆகவே முதல்நாள் மாலையில் தொடங்கி இரவு முழுவதும் செய்வர்.

கோலம் மட்டும் வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. ஊறவைத்து அரைத்த அரிசிமாவைத் துணியில் நனைத்து விரலிடுக்கில் வழியவிட்டு இழையும் மாக்கோலமும், அதன் விளிம்பில் செம்மண் காவிப் பட்டையும் மணவீட்டுக்கு உரியவை. இங்கும் விலக்கு இருந்தது. கைம்பெண்கள் எத்துணைத் திறமுடையவராயினும் மணக்கோலம் இட அனுமதிக்கப்படவில்லை. திறமையும் உரிமையும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நண்பர் கை

குடிமை முறை தளர்ந்து, ஊதியம் பணமாகி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருமணங்கள் வீட்டிலிருந்து மண்டபத்துக்கு நகர்ந்தபோது, அந்த இடைவெளியில்தான் நண்பர் நுழைகின்றனர். ஊர் இளைஞர் கூடி, வண்ணக் காகிதத்தை முக்கோணமாக வெட்டி, மைதாப் பசையால் சணல் கயிற்றில் ஒட்டித் தெருவின் குறுக்கே கட்டுவது பல ஊர்களில் வழக்கமாயிற்று. இவ்வேலைக்குச் சாதி வரையறை இல்லை. ஆனால் அது தெருவில் நின்றது. மணவறைக்குள் முறைமையே ஆட்சி செய்தது.

நண்பர்களுக்கே உரிய எழுத்து வடிவம் வாழ்த்து மடல். தமிழ் படித்த நண்பர் ஒருவர் வெண்பாவோ விருத்தமோ இயற்றுவார். இருபது முப்பது பேர் பணம் போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டமிட்டு, மேடையில் ஒலிபெருக்கியில் வாசித்து அளிப்பர். அடியில் நண்பர் அனைவரின் பெயரும் வரிசையாக நிற்கும். தந்தையும் தாய்மாமனும் ஆளும் அழைப்பிதழில் இடம்பெறாத பெயர்கள் இங்கே இடம்பெற்றன. பல வீடுகளின் சுவரில் திருமண நிழற்படத்துக்குப் பக்கத்தில் இம்மடல் தொங்கியதைக் கண்டிருக்கிறோம். யாப்புப் பிழைகள் மலிந்தவைதாம்; இலக்கிய வரலாறு இவற்றைக் கணக்கில் கொள்ளாததில் வியப்பில்லை. சமூக வரலாறும் கொள்ளாததுதான் குறை.

2000க்குப் பின் கணினி வழி நெகிழித் திரையில் அச்சிடும் முறை பரவியதும் வாழ்த்து மடல் பிளெக்ஸ் பேனராக மாறியது. பெயர் வரிசை முகப்பட வரிசை ஆனது. வாசிக்கப்பட்ட வாழ்த்து நாற்சந்தியில் நின்றது. கைவேலை முற்றிலும் நீங்கியது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் இல்லத் திருமணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். திருமண அணி ஒன்று வழிப்போக்கர் ஒருவரின் உயிரைப் பறித்த பின்னரே, அணி யாருக்கானது என்னும் கேள்வி பொதுவில் எழுந்தது.

இரு அழைப்பிதழ்கள்

இன்றைய நிலைக்குக் கட்டுரையாளர் நேரில் பங்குகொண்ட ஒரு திருமணத்தைச் சான்றாகக் கொள்ளலாம். மணமகள் கட்டுரையாளரின் தோழி. மணமகன் வேறு சாதியினர். இரு வீட்டாரும் தயக்கத்துக்குப் பின் இசைந்தனர். நண்பர்கள் ஐவர் சேர்ந்து 120 அழைப்பிதழ்கள் செய்தனர். தடித்த பழுப்புத்தாளை வெட்டி, பழைய எக்ஸ்ரே தகட்டில் செதுக்கிய அச்சை வைத்து, புள்ளிக்கோலம் ஒன்றைக் காவி நிறத்தில் ஒற்றி, உட்புறம் பேனாவால் எழுதினர். மூன்று வார இறுதிகள் செலவாயின. வாசகத்தில் மணமக்களே அழைக்கின்றனர்; பட்டமில்லை, முகூர்த்தமில்லை, காலை மணி மட்டும் உண்டு. 1930களில் இயக்கத்தார் போராடிப் பெற்ற வடிவத்தை, அதன் வரலாறு அறியாமலே, அழகுணர்ச்சியின் பெயரால் இளைஞர்கள் அடைந்திருந்தனர்.

வீட்டார் இதனை மறுக்கவில்லை. உறவினருக்குத் தனியே ஓர் அழைப்பிதழ் அச்சிட்டனர். பிள்ளையாரும் பாட்டனார் பெயர்களும் ஊர்களும் நிறைந்த சிவகாசி அட்டை அது. ஒரே திருமணத்துக்கு இரு அழைப்பிதழ் என்பது இன்று பரவலான வழக்கம். சமரசம் போலத் தோன்றினும், இரண்டையும் அருகில் வைத்துப் படித்தால் இரு வேறு திருமணங்கள் என்றே கொள்ளத் தோன்றும். சுற்றம் ஒரு தாளிலும் நட்பு மற்றொரு தாளிலுமாகப் பிரிந்துவிட்டன.

அணிகளில் தாளில் மடித்த பூக்கள், பழைய சேலைத் திரைகள், நுழைவாயில் கோலம் ஆகியன நண்பர் வேலை. கோலமிட்டவருள் கணவரை இழந்த பேராசிரியை ஒருவரும் இருந்தார். மணமகளே அவரை வேண்டிக்கொண்டாள். குருத்தோலை மடிக்க மட்டும் நண்பருக்குத் தெரியவில்லை. காணொளி பார்த்து முயன்றதில் ஓலை கிழிந்தது. இறுதியில் அருகூரிலிருந்து முதியவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். முன்னிரவில் தொடங்கி விடியுமுன் நாற்பது முழம் கட்டி முடித்தார். அவருக்கான தொகை இருமுறை பேரம் பேசப்பட்டது. நண்பரின் தாள்பூக்கள் மேடையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டன.

திருமணத்துக்குப் பின் பதிவுக்கான விண்ணப்பம் தரப்பட்டது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 வந்தபின் பதிவு கட்டாயமாகும். மணம் நடந்ததற்குச் சான்றாக அழைப்பிதழை இணைப்பது நடைமுறை. இணைக்கப்பட்டது சிவகாசி அட்டையே. நண்பர் செய்த அழைப்பிதழில் பெற்றோர் பெயரும் முகவரியும் இல்லை.